“எங்க பில்டிங்கைத்தானே பாக்குறீங்க?”

மார்கழியில் லண்டனிலிருந்து சென்னைக்கு வந்தால் சபா கச்சேரிக்கும் கேன்டீனுக்கும்தான் வந்திருக்கிறேன் என்று சொந்தக்காரர்களே முடிவு கட்டிவிடுகிறார்கள். இந்தத் தடவை குளிர்காலம் முழுக்க மந்தைவெளியில் அறை எடுத்துத் தங்கியது பழைய கட்டடங்களைப் பார்ப்பதற்கு, முடிந்தால் உட்கார்ந்து வரைவதற்கு. “கட்டடமா? அதுக்கா டிக்கெட் போட்டு வந்தே?” என்றாள் அத்தை பெண்.

ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவர் மாணவர்களும் பத்திக் (மெழுகுச் சாய வேலைப்பாடு) துணி விற்ற காசில் இடம் வாங்கி 1966-இல் தொடங்கிய சோழமண்டலம் கலைஞர் கிராமம், முட்டுக்காட்டில் பழைய வீடுகளைக் காட்டும் தட்சிணசித்ரா, சுவரெல்லாம் ஓவியமான கண்ணகி நகர் என்று போய்வந்தேன். ஒரு தொந்தரவும் இல்லை, எனவே சொல்லவும் ஒன்றும் இல்லை. எழும்பூர் அருங்காட்சியகத்தில் மட்டும் கொஞ்சம் நின்றுவிட்டேன். ஆந்திராவின் அமராவதியில் இருந்த பௌத்தத் தூபியின் சிற்பங்களில் ஒரு பங்கு லண்டனில், பிரிட்டிஷ் மியூசியத்தில், கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. அதே தூபியின் இன்னொரு பங்கு இங்கே. ஒரே கதையில் பாதியை அங்கே படித்துவிட்டு மீதியை இங்கே வந்து படிக்க வேண்டியிருக்கிறது. யாரைக் கோபித்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அது ஓர் அரசு அலுவலகம். பெயர் வேண்டாம். செங்கல் சிவப்பு, வளைவுகள், மேலே குவிமாடம் என்றால் நூறு வருடத்துக்கு முந்தைய மெட்ராஸில் பாதி அப்படித்தான். அந்தக் காலக் கட்டடக் கலைஞர்களில் சிசம் கட்டியதா, இர்வின் கட்டியதா என்று சொன்னால்கூடக் காட்டிக்கொடுத்துவிடும். எதிர்ப்பக்க நடைபாதையில், ஜெராக்ஸ் கடை நிழலில், மடக்கு நாற்காலி போட்டு வரையத் தொடங்கினேன். மேல்மாடி வரிசையை முடிப்பதற்குள் வாட்ச்மேன் அத்தனை போக்குவரத்தையும் கையால் நிறுத்திவிட்டு சாலையைக் கடந்து வந்துவிட்டார்.

“இங்க வரையக் கூடாது மேடம்.”

“ரோட்டுலதானே உக்காந்திருக்கேன்?”

“ரோட்டுலதான். ஆனா எங்க பில்டிங்கைத்தானே பாக்குறீங்க?”

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? லண்டன் செயின்ட் பாங்க்ரஸ் ரயில் நிலையத்தை ஒட்டிய விடுதியும் நம்முடைய சென்ட்ரலும் ஒரே 1873-இல் திறந்தவை. அந்த விடுதிக்கு எதிரே மணிக்கணக்காக உட்கார்ந்து வரைந்திருக்கிறேன், ஒருவரும் ஏன் என்று கேட்டதில்லை. சில நாள் யாராவது கேட்டால்கூடத் தேவலை என்று இருக்கும், அது வேறு.

உள்ளே போய் லெட்டர் கொடுங்கள் என்றார். எழுதினேன். ஆதார் ஜெராக்ஸ் கேட்டார்கள். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டையைக் கொடுத்தேன். பிரிவு எழுத்தர் அதை முன்னும் பின்னும் திருப்பினார். “பாஸ்போர்ட்டா?” இல்லை. “விசாவா?” அந்த மாதிரிதான். “அப்போ ஆதார் இல்லை?” இல்லை. அடுத்தது, காரணம் என்ன என்றார். பார்த்து வரையப் போகிறேன் என்றேன். “வரைஞ்சு?” என்று கேட்டார். கிண்டல் இல்லை, மெய்யாகவே அடுத்த பத்தியில் நிரப்ப அவருக்கு ஏதாவது வேண்டியிருந்தது. முத்திரை குத்தி, எண் போட்டு, நாளைக்கு வரச் சொன்னார். நாளைக்கு ஐயா மீட்டிங்கில் இருந்தார். அடுத்த வாரம் சைட்டில். கடைசியில் பிடித்தபோது அவர் நல்ல மனிதராகத்தான் இருந்தார். போட்டோவுக்குத் தடை உண்டு, வரைவதைப் பற்றி எந்த ஜி.ஓ.வும் கிடையாது, தடையே இல்லாத ஒன்றுக்கு நான் எப்படி அனுமதி கொடுப்பது என்று என்னையே கேட்டார். வெளியே வந்து இதை வாட்ச்மேனிடம் சொன்னேன். “அப்போ அனுமதி இல்லைன்னுதானே அர்த்தம்?” என்றார்.

இதையெல்லாம் தாழ்வாரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த டபேதார் (அதிகாரியின் அறை வாசலில் நிற்கும் பணியாளர்), மத்தியானம் எல்லாரும் டிபன் பாக்ஸைத் திறந்த நேரமாகப் பார்த்து, “வாங்கம்மா” என்று பின்படி வழியாக அழைத்துப் போனார். சுழன்று ஏறும் மரப்படி, கை பட்டுப் பட்டு வழவழத்த பிடி. மேலே மெட்ராஸ் டெரஸ் கூரை: தேக்கு விட்டங்களுக்கு மேல் மெல்லிய செங்கல்லைக் குத்துவாக்கில் நிறுத்தி, சாய்வாக அடுக்கி, சுண்ணாம்புச் சாந்தால் பிடித்தது. இன்றைக்கு அந்த வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடிக்க வேண்டும். சுற்றிலும் அகல வராந்தா இருப்பது அழகுக்கு மட்டுமில்லை. வெயில் அறைச் சுவரைத் தொடாமல் அங்கேயே நின்றுவிடும், உயரத்து ஜன்னல் வழியே சூடு வெளியேறும். இதையெல்லாம் ஒட்டுப்பலகை வைத்து அடைத்து, ஏசி குழாய்க்காக ஒரு வளைவின் தோளில் ஓட்டை போட்டிருக்கிறார்கள். “இது போட்டப்புறம்தான் புழுக்கம்” என்றார் டபேதார். அவர் அப்பாவும் இங்கேயே டபேதாராக இருந்தவராம். எந்த அறையில் கூரை ஒழுகும், எந்தக் கதவு மழைக்காலத்தில் உப்பிக்கொள்ளும் என்று எல்லாம் அவருக்குத் தெரியும். ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, “நீங்க வரைங்க, யாரும் கேட்டா நான் சொல்லிக்கிறேன்” என்றார். காசு கொடுக்கப் போனேன், முகம் மாறிவிட்டது.

இப்படி ஒருவரை லண்டனில் சந்தித்ததே இல்லை. ஆனால் அங்கே இப்படி ஒருவர் தேவையும் இல்லை. செப்டம்பரில் ஓபன் ஹவுஸ் விழா என்று 1992 முதல் நடக்கிறது. வழக்கமாக உள்ளே விடாத எத்தனையோ கட்டடங்களை அப்போது இலவசமாகத் திறந்துவிடுவார்கள், டபேதாரின் தயவு வேண்டாம். இங்கே ஆகஸ்டு 22-ஐ ஒட்டி மெட்ராஸ் தினம் 2004 முதல் கொண்டாடுகிறார்கள், நல்ல நடைப்பயணங்கள் உண்டு. பெரும்பாலும் வெளியே நின்று அண்ணாந்து பார்ப்பதோடு சரி, அதுவும் ஆகஸ்டுப் புழுக்கத்தில். ஞாயிற்றுக்கிழமை இந்த அலுவலகங்கள் எப்படியும் காலிதான். மார்கழியில் ஒரே ஒரு ஞாயிறு, காலை பத்திலிருந்து ஒன்று வரை கதவைத் திறந்து வைத்தால் என்ன? வழிகாட்ட டபேதார்களைப் போடுங்கள், அன்றைக்குச் சம்பளமும் கொடுங்கள். முக்கியமான கச்சேரி எல்லாம் சாயங்காலம்தானே.