லேபிளா, சொந்த வெளியீடா?

தானே எழுதி, மெட்டமைத்து, பாடி, படுக்கையறையிலேயே மிக்ஸிங்கும் முடிக்கிற புதியவருக்கு இரண்டு வழிகள். பாட்டை வெளியிடும் நிறுவனமான மியூசிக் லேபிளிடம் கொடுக்கலாம். இல்லையென்றால், பாட்டை ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களில் ஏற்றித் தரும் டிஸ்ட்ரோகிட், டியூன்கோர் மாதிரி ஒரு சேவையின் வழியாகத் தானே வெளியிடலாம்.

லேபிள் என்றால் முன்பணம், வீடியோ செலவு, யூடியூபில் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் கூட்டம். வசதிதான். ஆனால் முன்பணத்தைப் பெரும்பாலும் உங்கள் பங்கிலிருந்தே கழித்துக்கொள்வார்கள். மாஸ்டர் உரிமையும், அதாவது பாட்டின் ஒலிப்பதிவு மீதான உரிமையும், பொதுவாக அவர்களுக்கே போகும். இந்தியச் சட்டப்படி அதன் ஆயுள் 60 ஆண்டுகள்! ஓர் ஆறுதல்: 2012 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டி பங்கை லேபிளுக்கு எழுதிக்கொடுத்துவிட முடியாது. அது கைக்கு வர, ராயல்டியை வசூலித்துத் தரும் அமைப்பான ஐபிஆர்எஸ்ஸில் சேர்ந்து, பாட்டைப் பதிவு செய்ய வேண்டும். பலர் இதைச் செய்வதே இல்லை.

சொந்த வெளியீட்டில் மாஸ்டர் உங்களுடையது. விளம்பரம், ரீல்ஸ் எல்லாம் உங்கள் தலையில். பதிவேற்றும்போது உங்கள் பெயரில் ஓர் எழுத்து மாறினால், பாட்டு அந்தத் தளங்களில் வேறொரு கலைஞரின் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடலாம்.

பிரிட்டிஷ் பாடகி ரே 2021இல் பாலிடோர் லேபிளை விட்டு வெளியேறி, 2024 பிரிட் விழாவில் ஒரே இரவில் 6 விருதுகள் வாங்கினார். சரி, அவர் அதற்கு முன்பே பல ஆண்டுகள் துறைக்குள் இருந்தவர்.

என்னைக் கேட்டால், முதல் சில பாட்டுகளைச் சொந்தமாக விடுங்கள். அப்புறம் லேபிள் தேடி வந்தால், மாஸ்டரை விற்காமல் சில ஆண்டுகளுக்கு மட்டும் உரிமம் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள்.