புளியங்கொட்டைக் கணக்கு: டி அண்ட் டி ஆட்டத்தில் நேரத்துக்கு விலை வைத்த அனுபவம்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) என்பது ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி டைஸ் உருட்டி ஆடும் மேசை ஆட்டம். கோத்தகிரியில் அதை ஆடும் எங்கள் செட் பல வருஷமாக ஞாயிறு மதியம் கூடுகிறது. ஆட்டத்தை நடத்துவது நான். 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு விதிகள்தான். அதில் என்னை உறுத்திய பெரிய குறை, நேரத்துக்கு விலையே இல்லாதது. பூட்டு திறக்கவில்லையா, இன்னொரு தரம் டைஸ் உருட்டு. அடிபட்டதா, எட்டு மணி நேரம் ஓய்வெடுத்து எழுந்திரு. ஊரே எரியப்போகிறது என்று நான் சொன்னாலும் மேசையில் ஒருவருக்கும் அவசரம் வராது. இதற்காக மூன்று வழிகளை நீண்ட நாள் ஆடிப் பார்த்திருக்கிறோம்.

முதலாவது, இதே ஆட்டத்துக்கு 1981-இல் வந்த ‘பேசிக்’ விதிகளில் உள்ளது. டன்ஜனுக்குள், அதாவது ஆபத்து நிறைந்த பாதாள அறைகளுக்குள், நேரம் பத்துப் பத்து நிமிஷ ‘டர்ன்’களாக நகரும். ஒரு தீப்பந்தம் ஆறு டர்ன் எரியும். இரண்டு டர்னுக்கு ஒருமுறை ஆறுமுக டைஸ் உருட்டி 1 விழுந்தால், அலைந்து திரியும் ஏதோ ஒன்று எதிரே வந்து நிற்கும். நாங்கள் சேர்த்தது புளியங்கொட்டை மட்டும். பந்தம் கொளுத்தியதும் மேசை நடுவில் ஆறு கொட்டை. ஒவ்வொரு டர்னுக்கும் ஒன்றை எடுத்து எவர்சில்வர் டம்ளரில் போடுவேன். ‘டங்’ என்று விழும்போது எல்லார் கண்ணும் மிச்சத்தை எண்ணும்.

“அண்ணா, சுவரைத் தட்டிப் பார்த்தா ஒரு கொட்டை போயிடுமா?”

“போயிடும்.”

உடனே நாலு பேரும் கூடிப் பேசுவார்கள்: தட்டலாமா, கதவை உடைத்து சத்தம் போடலாமா, திரும்பிவிடலாமா? நான் கேட்டது இந்தப் பேச்சைத்தான். ஐந்தாம் பதிப்பின் ‘ஷார்ட் ரெஸ்ட்’ (சின்ன ஓய்வு) ஒரு மணி நேரம். அதாவது ஒரு முழுப் பந்தம், மூன்று டைஸ் உருட்டல். இப்படிக் கணக்குத் தெரிந்தபின் யாரும் சும்மா உட்கார்வதில்லை. ஒரே இடைஞ்சல் ‘லைட்’ மந்திரம். செலவே இல்லாமல் ஒரு மணி நேரம் வெளிச்சம் தந்தால் பந்தத்தை யார் வாங்குவார்கள்? எங்கள் மேசையில் அதற்கு ஒரு ஸ்பெல் ஸ்லாட் (மந்திரம் போடும் வாய்ப்பு; தீர்ந்தால் ஓய்வெடுத்துத்தான் திரும்பும்) செலவாகும்.

இரண்டாவது, 2023-இல் வந்த ஷேடோடார்க் என்ற இதே மாதிரி ஆட்டத்தின் வழி: பந்தம் நிஜமாகவே ஒரு மணி நேரம்தான். போனில் டைமர் ஓடும். பரபரப்புக்குக் குறைவில்லை. ஆனால் யோசித்துப் பேசுகிறவர்கள் வாயைத் திறப்பதற்குள் வேகமாகப் பேசுகிறவர் முடிவெடுத்துவிடுகிறார். ஒருநாள் ஆட்டத்துக்கு அருமை, வருஷக்கணக்கில் ஆட ஒத்துவராது. விட்டுவிட்டோம்.

மூன்றாவது காலண்டர். எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். ஐந்தாம் பதிப்பில் ஆட்டம் நடத்துகிறவருக்கான டன்ஜன் மாஸ்டர் புத்தகத்திலேயே ஒரு மாற்று விதி உண்டு: சின்ன ஓய்வு 8 மணி நேரம், பெரிய ஓய்வு 7 நாள். அதை எடுத்து எங்கள் உலகத்தை நீலகிரி மாதிரியே வரைந்தோம். வரைபடத்தில் மைல் கிடையாது, மணிக்கணக்குதான். ஏற்றத்துக்கு ஒன்று, இறக்கத்துக்கு ஒன்று. மேட்டுப்பாளையம்–ஊட்டி மலை ரயிலே 46 கிலோமீட்டர் ஏற ஐந்து மணி நேரம் போல எடுத்துக்கொண்டு, இறங்கும்போது சீக்கிரம் வந்துவிடுகிறதே. மழையும் இங்கத்தி மழைதான். கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும், குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்கு. அதனால் ஆனி, ஆடியில் மேற்குக் கணவாய் அடைபடும், ஐப்பசியில் கிழக்குப் பாதை சரியும்.

ஒருமுறை மந்திரவாதிக்கு ஒரு ஸ்லாட்கூட மிச்சமில்லை. ஏழு நாள் படுத்தால் எல்லாம் திரும்பிவிடும், ஆனால் ஐப்பசி பிறக்க ஐந்து நாள்தான் இருந்தது. துரத்திப்போன கொள்ளைக்கூட்டம் கிழக்கே இறங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் மந்திரம் இல்லாமல், கத்தியை மட்டும் நம்பி இறங்கினார்கள். பல வருஷத்தில் நாங்கள் ஆடிய சிறந்த சண்டை அது. அதற்காக நான் எந்த அரக்கனையும் புதிதாக உருவாக்கவில்லை.

நோட்டு எழுதும் வேலை நடத்துகிறவர் தலையில்தான் விழும். செஷன் முடிந்ததும் அன்றே தேதியைக் குறிக்காவிட்டால் அடுத்த வாரம் குழப்பம்தான். 1979-இலேயே, இந்த ஆட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் நேரக்கணக்கை ஒழுங்காக வைக்கச்சொல்லி முழுக்கப் பெரிய எழுத்தில் அச்சிட்டார். அதன் காரணம் இப்போது எனக்கு நன்றாகவே புரிகிறது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதலில் கொட்டையை மட்டும் வையுங்கள். ஆட்டக்காரர்களே “இன்னைக்கு என்ன தேதி?” என்று கேட்க ஆரம்பித்தால் காலண்டரை எடுங்கள்.