ரீயூனியனில் எங்கே தங்குவது: கடற்கரையிலா, மலை மேலா?

இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனுக்குப் பயணம் திட்டமிடும் பலர் எல்லா இரவுகளுக்கும் மேற்குக் கரையில் ஒரே அறையைப் பதிவு செய்துவிட்டு, தினமும் காரில் மலைக்குப் போய் வரலாம் என்று நினைக்கிறார்கள். சுமார் 2,500 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சிறிய தீவு என்பதால் வரைபடத்தில் அது எளிதாகத்தான் தெரியும். ஆனால் தீவின் நடுவே பித்தோன் தெ நேஜ் சிகரம் 3,070 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கிறது. வெயில் ஏற ஏறக் கடல்காற்று ஈரத்தைச் சரிவுகளில் மேலே தள்ளும். வானம் நன்றாக இருக்கும் நாளில்கூடக் காலை ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் மலை மேகத்துக்குள் போய்விடும். ஆகவே விடியும்போது எங்கே இருக்கப் போகிறீர்கள் என்பதை வைத்துத்தான் தங்குமிடத்தை முடிவு செய்ய வேண்டும்.

மேற்குக் கரை: சென்-ஜில், எர்மித்தாஜ்

தென்கிழக்கிலிருந்து வீசும் காற்று மலையில் மோதி கிழக்கே மழையைக் கொட்டிவிடுவதால் மேற்கு வறண்டு, வெயிலோடு இருக்கும். பவளத் திட்டுக்கு உள்ளே நீர் ஆழமில்லை. குழந்தைகளோடு குளிக்க இதுவே இடம். 2011 முதல் சுறா தாக்குதல்கள் அடுத்தடுத்து நடந்ததால், 2013-இலிருந்து பவளத் திட்டுக்கு வெளியே, அனுமதித்த பகுதிகளைத் தவிர, குளிக்கத் தடை இருக்கிறது. திட்டு உடைந்து கடலோடு சேரும் வாய்களில் நீரோட்டம் பலமாக இழுக்கும். எச்சரிக்கைப் பலகையைப் படிக்காமல் இறங்காதீர்கள். அடியில் பவளமும் கடல் முள்ளெலியும் உண்டு, ரப்பர் காலணி வேண்டும்.

இங்கிருந்து வசதியாகப் போய் வரக்கூடிய மலைக்காட்சி மைடோ ஒன்றுதான். ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் காரில் ஏறினால், சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் நின்று மஃபாத் பள்ளத்தாக்கைக் குனிந்து பார்க்கலாம். தீவின் எரிமலையான பித்தோன் தெ லா ஃபூர்னேஸுக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும். ஏழு மணிக்கு எழுந்து, சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் அங்கே வெள்ளை மேகம்தான் மிஞ்சும்.

பூர்-முரா: எரிமலைக்கு நேர் வாசல்

பித்தோன் தெ லா ஃபூர்னேஸ் (2,632 மீட்டர்) உலகின் சுறுசுறுப்பான எரிமலைகளில் ஒன்று. 2007 ஏப்ரல் வெடிப்பில் அதன் உச்சிப் பள்ளத்தின் தரை 300 மீட்டருக்கும் மேல் உள்ளே விழுந்தது. சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கும் பூர்-முராவில் தங்கினால் எரிமலையைச் சூழ்ந்த பெரும் பள்ளத்தின் விளிம்பான பா தெ பெல்கோமுக்கு முக்கால் மணி நேரம். வழியில் செந்நிற எரிமலைத்தூள் பரந்த சமவெளியைக் கடக்கும் பாதை குண்டும் குழியுமானது. சின்னக் கார் போகும், நிதானமாக ஓட்ட வேண்டும்.

விளிம்பிலிருந்து ஏறத்தாழ ஐந்நூறு படிகள் இறங்கி, உறைந்த எரிமலைக்குழம்பின் மேல் நடந்து, உச்சிக்குப் போய்த் திரும்ப ஐந்து மணி நேரம் வேண்டும். நிழலோ தண்ணீரோ கிடையாது. ஆளுக்கு இரண்டு லிட்டராவது எடுத்துக்கொள்ளுங்கள். பாறையில் இட்டிருக்கும் வெள்ளைப் பெயின்ட் குறிகள்தான் வழிகாட்டி. மேகம் இறங்கினால் அடுத்த குறியே தெரியாது; அதைக் கண்ணால் பார்க்காமல் நகரக் கூடாது. களைத்துப் போய்த் திரும்பும்போது அதே ஐந்நூறு படிகள் ஏற்றமாகக் காத்திருக்கும், அதற்கு மூச்சை மிச்சம் வையுங்கள். ஜூலை, ஆகஸ்டில் விடியலில் குளிர் பூஜ்ஜியத்தை நெருங்கும்.

எரிமலை பொங்கினால் உள்ளே போகும் பாதையை அரசு மூடிவிடும். அப்போது விளிம்பிலேயே நடந்து பித்தோன் தெ பெர் என்ற இடத்துக்குப் போகலாம். அங்கிருந்து சில வெடிப்புகள் நன்றாகவே தெரியும். பூர்-முராவில் மாலை வேளைகள் மூடுபனியும் அமைதியுமாகக் கழியும். இரண்டு இரவுக்கு மேல் தேவையில்லை, ஒன்று போதாது: முதல் காலை கெட்டாலும் இரண்டாவது கைவசம் இருக்கும்.

சிலாவோஸா, எல்-பூரா?

இரண்டுமே, சுற்றிலும் மலைச் சுவர் எழுந்த கிண்ணம் போன்ற தனித்தனிப் பள்ளங்களுக்குள் இருக்கும் ஊர்கள். மலை ஏறுவோருக்கு சிலாவோஸ். 1,200 மீட்டர் உயரம். கீழே சென்-லூயியிலிருந்து வரும் பாதையில் நானூறு வளைவுகள் என்பது ஊர்ப் பேச்சு. ஒரே ஒரு வண்டி நுழையும் சுரங்க வழிகளும் அதில் உண்டு. கனமழைக்குப் பின் பாறை சரிந்து பாதை அடைபடும், அதனால் ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவை இங்கே வைக்காதீர்கள். பித்தோன் தெ நேஜ் ஏறுவதும், தாய்பி கணவாய் வழியே மஃபாத்துக்குள் நடப்பதும் இங்கிருந்துதான் சுலபம். சூரிய உதயம் பார்க்க வேண்டுமானால் நடுவழியில் காவெர்ன் துஃபூர் மலைக்குடிலில் படுக்க வேண்டும். அந்தப் படுக்கைகள் மாதக்கணக்கில் முன்பே நிரம்பிவிடும். சிலாவோஸின் சின்னப் பருப்பு தீவு முழுவதும் பெயர் பெற்றது.

எல்-பூர் ஈரமான ஊர், பச்சை அடர்ந்தது. தகரத்தில் வெட்டிய பூவேலைத் தொங்கல்களோடு பழைய கிரியோல் (தீவின் கலப்புப் பண்பாட்டு) வீடுகளை அருகே நின்று பார்க்க இதற்கு நிகர் இல்லை. ஆனால் மழை அதிகம். நடக்க மூன்று முழு நாள் வைத்திருப்பவர் சிலாவோஸைத் தேர்ந்தெடுக்கட்டும். மற்றவர்களுக்கு எல்-பூரில் ஓரிரவு போதும்.

எல்-பூருக்குக் கீழே கடலோரம் சென்-ஆந்த்ரே. 1848-இல் அடிமை முறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்கள் ஏராளமாக வந்தார்கள். மல்பார் என்று அழைக்கப்படும் அவர்களின் வழித்தோன்றல்கள் கட்டிய கோயில்கள் இந்தப் பகுதியில் நிறைய. தீபாவளியும் தீமிதியும் இங்கே ஊர்த் திருவிழாக்கள். பெரும்பாலானோர் பேசுவது கிரியோல் மொழியும் பிரெஞ்சும்தான்.

இரவுகளை எப்படிப் பிரிப்பது

ஏழு இரவுக்கு எங்கள் கணக்கு: விமான நிலையத்திலிருந்து நேரே எல்-பூர் ஒன்று, பூர்-முரா இரண்டு, சிலாவோஸ் இரண்டு, கடைசியில் கரை இரண்டு. மலையை முன்னே வைத்தால், மழையில் கெட்ட நாளைக் கரை நாளிலிருந்து ஈடுகட்டலாம். மே முதல் அக்டோபர் வரை நல்ல காலம். டிசம்பர் முதல் மார்ச் வரை புயல் பருவம். 2007 பிப்ரவரியில் எரிமலைச் சாலையோரத்து கொமெர்சோன் பள்ளத்தில் 72 மணி நேரத்தில் 3,930 மி.மீ. பெய்தது உலகச் சாதனை.

கார் வலப்பக்கம் ஓடும். கியர் கார்களே அதிகம், ஆட்டோமேட்டிக் வேண்டுமானால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். மதியம் இரண்டுக்குமேல் பல உணவகங்களில் அடுப்பு அணைந்துவிடும். சோற்றோடு வரும் பயற்றுக் குழம்பில் புகையூட்டிய பன்றிக்கறி சேர்ப்பதுண்டு, சைவர்கள் முதலிலேயே கேட்க வேண்டும். பிரான்ஸின் பகுதியானாலும் ரீயூனியன் ஷெங்கன் (ஐரோப்பிய நாடுகள் பலவற்றின் பொது விசா) எல்லைக்குள் இல்லை. விசா தேவைப்படுவோர், கையிலுள்ள ஷெங்கன் விசா போதும் என்று கிளம்பாமல், ரீயூனியனுக்குச் செல்லுபடியாகும் விசாவா என்று பார்த்தபின்பே டிக்கெட் வாங்குங்கள்.