வீட்டு நிதிக்கு எம்பியைப் பிடிக்கிறதா, எம்எல்ஏவையா?

பட்ஜெட் நேரத்துல மனுவை யார்கிட்ட கொடுக்கிறதுன்னு ஊர்ல ஒரே குழப்பம், அதான் இது.

தொகை: பிரதமர் வீட்டுத் திட்டம் (கிராமப்புறம்) சமவெளில வீட்டுக்கு 1.20 லட்சம், அதுல மத்திய அரசு 60 சதவீதம், மாநிலம் 40 சதவீதம். 2016ல வச்ச தொகை, சிமெண்ட் விலை மட்டும் அங்கேயே நிக்கலையே! குடிசைக்குப் பதிலா கான்கிரீட் வீடு தர்ற மாநிலத் திட்டம் கலைஞர் கனவு இல்லம், அதுல வீட்டுக்கு 3.50 லட்சம், 360 சதுர அடி.

நேரம்: மத்திய பட்ஜெட் பிப்ரவரி 1, அதனால டிசம்பர்லயே எம்பி கையில மனு இருக்கணும். மாநிலத்துல பட்ஜெட் வாசிச்ச பிறகும் துறைவாரியா மானியக் கோரிக்கை விவாதம் வருது, இன்னொரு சான்ஸ்.

பிரதமர் திட்டப் பயனாளிகள் பட்டியல்ல பேர் இருந்தும் காசு பத்தலையா, எம்பியை நெருக்குங்க. பட்டா இருக்கு, குடிசைதான், பட்டியல்லயே பேர் இல்லைன்னா எம்எல்ஏதான். கனவு இல்லத்துக்கு 2024-25ல 1 லட்சம் வீட்டுக்கு 3,500 கோடின்னு அறிவிச்சாங்க, அந்த எண்ணிக்கையை ஏத்துங்கன்னு கேளுங்க, சும்மா "வீடு வேணும்"னு எழுதினா ஃபைல்லயே தூங்கும்.