மேக்ஸ்கெய்ன் வீட்டுக்கடன்: ஐம்பதைத் தாண்டிய கடைக்காரருக்குக் கட்டுப்படியாகுமா?

பெங்களூர் சிக்பேட்டையில் துணிக்கடை, அல்சூரில் ஹார்டுவேர் என்று வைத்திருப்பவர்களுக்குத் தீபாவளி சமயத்தில் ஐந்து லட்சம் புரளும், ஆடியில் கல்லா காயும். இஎம்ஐ மட்டும் மாதாமாதம் ஒரே தேதியில் வந்து நிற்கும். ஸ்டேட் பாங்கின் மேக்ஸ்கெய்ன் இவர்களுக்குத்தான் பொருந்தும்.

இது ஓவர்டிராஃப்ட் வடிவில் வரும் வீட்டுக்கடன். கையிருப்பைக் கடன் கணக்கில் போட்டுவைத்தால் அத்தனை நாளைக்கும் அந்தத் தொகைக்கு வட்டி ஓடாது. சரக்கெடுக்கப் பணம் தேவைப்பட்டால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். 8.5 சதவீதத்தில் 5 லட்சம் ஒரு மாதம் கிடந்தால் சுமார் 3,540 ரூபாய் மிச்சம். அதே பணம் கரண்ட் அக்கவுண்டில் தூங்கினால் ஒன்றும் கிடைக்காது. ஆனால் சாதாரண வீட்டுக்கடனைவிட வட்டி சற்றுக் கூடுதல். போட்டதையெல்லாம் மறுவாரமே உருவிவிடுகிறவர்கள் அந்தக் கூடுதலைச் சும்மா கட்டுவார்கள். அவர்களுக்குச் சாதாரணக் கடனே நல்லது. எடுக்கக்கூடிய வரம்பும் மாதாமாதம் குறைந்துகொண்டே வரும்.

எழுபது வயதுக்குள் கடன் முடிய வேண்டும். 55 வயதுக்காரருக்கு 15 வருஷம்தான். 40 லட்சத்துக்கு, அதே வட்டியில், மாதம் சுமார் 39,400. இருபது வருஷம் கிடைத்திருந்தால் 34,700. இந்த வித்தியாசம் தாங்கக்கூடியதே. ஃபைல் பெரும்பாலும் சிக்குவது வருமானக் கணக்கில்.

பலர் 44ஏடி பிரிவில், அதாவது விற்றுமுதலில் ஒரு குறிப்பிட்ட பங்கை லாபமாகக் காட்டும் வருமான வரி வசதியில், ரிட்டர்ன் போடுகிறார்கள். ஒரு கோடி விற்றுமுதல், எல்லாம் டிஜிட்டல் வரவு என்றால் 6 சதவீதம், அதாவது 6 லட்சம் லாபம் காட்டினால் போதும். பாங்கும் அந்த 6 லட்சத்தைத்தான் பார்க்கும். மாதம் 50,000, அதில் பாதி இஎம்ஐக்கு என்று வைத்தால் சுமார் 25 லட்சம்தான் கடன் தேறும். வரியில் மிச்சம் பிடித்தது இங்கே பல்லிளிக்கும். உண்மையான லாபம் அதிகமென்றால் அதைக் காட்டச் சட்டத்தில் தடையில்லை. வீடு வாங்க இரண்டு மூன்று வருஷம் முன்பே ஆடிட்டரிடம் சொல்லிவிட வேண்டும். மூன்று வருஷ ரிட்டர்னையும் ஒரே வாரத்தில் போட்டால் தாக்கல் தேதியே காட்டிக்கொடுத்துவிடும். ஜிஎஸ்டி விற்றுமுதலும் ரிட்டர்னும் ஒத்துப்போகாவிட்டால் கேள்வி வரும். முழுக் கணக்குப் புத்தகம் வைத்திருப்பவர்கள், கையைவிட்டுப் பணம் போகாத செலவான தேய்மானத்தை லாபத்தோடு திரும்பக் கூட்டச் சொல்லிப் பாங்கிடம் கேளுங்கள்.

ஐடி கம்பெனியில் இருக்கும் மகளைக் கூட்டு விண்ணப்பதாரராகச் சேர்த்தால் தகுதி ஏறும். ஆனால் நாளை அவள் தன் பெயரில் கடன் கேட்கும்போது இந்த இஎம்ஐ அவள் கணக்கில் உட்கார்ந்திருக்கும். பிள்ளையிடம் முதலிலேயே பேசிவிடுவது மரியாதை.

30 முதல் 75 லட்சம் வரையான கடனுக்குச் சொத்து மதிப்பில் 80 சதவீதம் உச்சம். முத்திரைக் கட்டணமும் பதிவுக் கட்டணமும் அந்த மதிப்பில் சேராது. பெங்களூரில் சொத்துப் பத்திரத்தைத்தான் அதிகம் துருவுவார்கள்: தாய்ப்பத்திரம், ஈசி என்கிற வில்லங்கச் சான்று, இ-கத்தா என்கிற மாநகராட்சியின் மின்னணுச் சொத்துப் பதிவு. முறையான அனுமதி இல்லாத சொத்துக்குரிய பி கத்தா என்றால் அரசு வங்கிகள் பொதுவாகக் கையை விரித்துவிடும், அட்வான்ஸ் கொடுக்கும் முன் பாருங்கள். நம்மவர்களுக்கே உரிய தொல்லை இன்ஷியல். பான் அட்டையில் அப்பா பெயர் விரிந்திருக்கும், ஆதாரில் ஓரெழுத்து இருக்கும், பழைய பத்திரத்தில் அது முன்னால் நிற்கும். இருவரும் ஒருவரே என்ற நோட்டரி பிரமாணப் பத்திரம் தயாராக இருந்தால் ஒரு நடை மிச்சம்.

கையெழுத்துப் போடும் மேஜையில் கடன் காப்பீட்டுப் படிவமும் வரலாம். ஐம்பத்தைந்து வயதில் ஒற்றைப் பிரீமியம் கனமாக இருக்கும். அதைக் கடனோடு சேர்த்துவிட்டால் அதற்கும் 15 வருஷம் வட்டி. அது கட்டாயமில்லை. முக்கிய விவர அறிக்கையைக் கேட்டு வாங்கி, எல்லாச் செலவும் சேர்ந்த வருடாந்திர விகிதத்தைப் பாருங்கள். 2024 அக்டோபர் முதல் அதைத் தருவது வங்கியின் கடமை.

மாறும் வட்டிக் கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் இல்லை. அடைத்த 30 நாளுக்குள் மூலப்பத்திரம் கைக்கு வர வேண்டும். வங்கியால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு.