இழுப்பா, விசிறி மடிப்பா, கீற்றா? வீட்டுப் பராட்டாவுக்கு மூன்று வழி

பின்னேரம் கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியோரம் நடந்தால், கொத்துச் சத்தம் கேட்கும் கடைகளின் முன்பக்கத்தில் ஒருவர் நின்று மா வீசிக்கொண்டிருப்பார். உருண்டையை எடுத்துத் தட்டி நாலு வீச்சு வீசினால் அது மேசையளவுக்கு விரிந்துவிடும். அதைப் பார்த்துவிட்டு வீட்டில் முயன்றவர்கள் பெரும்பாலும் அந்த வீச்சிலேயே மனம் விட்டுப்போகிறார்கள். ஆனால் பராட்டாவுக்கு வீச்சு கட்டாயமே இல்லை. இதழ் இதழாகப் பிரிய வேண்டுமென்றால் மா மெல்லியதாக விரிய வேண்டும், மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் நடுவே கொழுப்பு நிற்க வேண்டும். இந்த இரண்டையும் எப்படிக் கொண்டுவந்தாலும் சரி.

மூன்று முறைகளையும் ஒரே மாவில் செய்து பார்த்தேன். அரைக் கிலோ வெள்ளைக் கோதுமை மா, உப்பும் சீனியும் ஒவ்வொரு தேக்கரண்டி, எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, தண்ணீர் 290 மில்லிலீற்றர். தண்ணீர் விட்டதும் கையில் ஒட்டும். பயந்து மா தூவக் கூடாது. பத்து நிமிடம் குழைத்தால் தானாக ஒட்டாமல் வந்துவிடும். அரை மணி நேரம் மூடி வைத்து, 80 கிராம் அளவில் பத்து உருண்டை பிடித்து, எண்ணெயில் புரட்டி இரண்டு மணி நேரம் விட்டேன். முறைக்கு மூன்று உருண்டை, மிஞ்சிய ஒன்று கல்லின் சூடு பார்க்க.

அந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், முறைகளைவிட அது பெரிய விடயம். மாவில் தண்ணீர் பட்டதும் அதிலுள்ள புரதங்கள் சேர்ந்து குளூட்டன் என்ற வலை உருவாகிறது. அந்தப் புரதங்களில் குளூட்டெனின் அதற்கு இழுபட்டுத் திரும்பும் குணத்தையும், கிளையாடின் நீளும் குணத்தையும் தருகின்றன. குழைத்த உடனே அந்த வலை இறுகி நிற்பதால், விரித்தால் ரப்பர் போலச் சுருங்கும். ஆறவிட்டால் தளரும். எண்ணெய்ப் பூச்சு மேல்தோல் காயாமல் காக்கும். பல வருடம் நான் இருபது நிமிடம் மட்டும் வைத்துவிட்டு, என் கைக்குத்தான் பழக்கமில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிழை கையில் இல்லை, பொறுமையில்.

முதலாவது, இழுப்பு. மேசையில் தாராளமாக எண்ணெய் தடவி, உருண்டையை உள்ளங்கையால் தட்டி, ஓரங்களைப் பிடித்து நாலு பக்கமும் மெல்ல இழுப்பது. நன்றாக ஆறிய மா கீழே இருக்கும் மேசையின் நிறம் தெரியுமளவுக்கு விரியும். அங்கங்கே கிழியும், கிழிந்த இடம் மடிப்புக்குள் போய்விடும், பொருட்படுத்த வேண்டாம். பிறகு ஒரு பக்கத்திலிருந்து கொசுவி, நீளக் கயிறாக்கி, நத்தை ஓடு போலச் சுற்ற வேண்டும். மூன்றிலும் மெல்லிய இதழும் மென்மையும் இதில்தான். எண்ணெய் கூடப் போகும், மேசை துடைக்க நேரம் எடுக்கும். தொடர்மாடியின் சின்னக் குசினியில் இடமும் தேவை. நான் சாப்பாட்டு மேசையையே பயன்படுத்துகிறேன்.

இரண்டாவது, விசிறி மடிப்பு. உருட்டுக்கட்டையால் வட்டமாக விரித்து, கொழுப்புப் பூசி, மா தூவி, சேலைக் கொசுவம் போல மடித்துச் சுற்றுவது. மிகச் சுத்தமான வேலை, முதல் தடவையே வடிவாக வரும். ஆனால் கட்டையால் இழுப்பின் மென்மைக்கு விரிக்க ஏலாது. தடித்த மடிப்புகள் எண்ணக்கூடியதாகத் தெரியும், வாயில் போட்டால் சப்பாத்தியின் நினைவு வரும். வெள்ளை மாவுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆட்டா மாவுக்கு இதுவே சரி: தவிடு குளூட்டன் வலையை அறுப்பதால் அந்த மாவை இழுத்தால் பொத்தல் பொத்தலாகப் போகும். தண்ணீரும் கொஞ்சம் கூட்டிக் குழைக்க வேண்டும். வீட்டில் சீனி வியாதிக்காரர் இருப்பதால் ஆட்டா சேர்க்கிறவர்கள் இழுப்போடு மல்லுக்கட்டாமல் நேரே இங்கே வந்துவிடலாம்.

மூன்றாவது, கீற்று. உருட்டுக்கட்டையால் இயன்றளவு மெல்லியதாக விரித்து, கொழுப்புப் பூசி, கத்தியால் நூடில்ஸ் போலக் கீறி, எல்லாவற்றையும் அள்ளி நீட்டிச் சுற்றுவது. நூல் நூலாகப் பிரியும், பார்க்க அவ்வளவு அழகு. எனக்கு இது வியப்பான முடிவு, ஏனென்றால் இழுக்கத் தெரியாதவருக்கும் இதழ் பிரிவது இதில் நிச்சயம். குறை ஒன்று: ஆறினால் நூல்கள் சீக்கிரம் காய்ந்து முறுகும். சுட்ட உடனே சாப்பிடும் வீட்டுக்குச் சரி, மத்தியானப் பெட்டிக்குக் கட்டிக் கொடுக்கச் சரிவராது.

கொழுப்பைப் பொறுத்தவரை கொழும்பின் வெக்கையையும் கணக்கில் எடுக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 பாகை செல்சியசிலேயே உருகிவிடும்; இங்கே நாள் முழுக்க அது தண்ணீராகத்தான் இருக்கும். இழுக்க அருமை, வாசமும் நம்முடைய வாசம், ஆனால் மடிப்புக்குள் நிற்காமல் வழிந்துவிடும். மாஜரின் பசை போல அங்கேயே நிற்கும், அதிலுள்ள கொஞ்சத் தண்ணீரும் சூட்டில் ஆவியாகி இதழைத் தூக்கும். நெய்யின் சுவைக்கு இணையில்லை, விலைதான் கை வைக்க விடாது. நான் மேசைக்குத் தேங்காய் எண்ணெயும் மடிப்புக்கு மாஜரினும் எடுக்கிறேன், மூன்று பங்கு மாஜரினுக்கு ஒரு பங்கு எண்ணெய் குழைத்து.

எந்த முறையானாலும் சுற்றிய உருண்டையைக் கால் மணி நேரம் விட்டு, கையால் மட்டும் தட்டிப் பரப்புங்கள். இந்த இடத்தில் உருட்டுக்கட்டையை எடுத்தால் அதுவரை பட்ட பாடெல்லாம் நசுங்கி ஒன்றாகிவிடும். கல் நடுத்தரத்துக்கு மேலான சூட்டில் இருக்கட்டும், பக்கத்துக்கு இரண்டு நிமிடம். சின்ன நெருப்பில் நேரமெடுத்துச் சுட்டால் ஈரம் போய் அப்பளமாகும். மூன்று சுட்டதும் அடுக்கி, சூடு போகுமுன் இரண்டு கையாலும் ஓரங்களை உள்ளே தள்ளி அடியுங்கள். உள்ளே நிற்கும் ஆவி இதழ்களைப் பிரித்துக்கொண்டு வெளியே வரும். உடனே துணியில் சுற்றி மூடினால் மென்மை நிற்கும்.

சுப்பர்மார்க்கெட்டில் உறைந்த பராட்டாப் பக்கெற்றுகளும் கிடைக்கின்றன. அவசரத்துக்கு நல்லது, சுடுவதும் அடிப்பதும் மேலே சொன்னபடிதான். சுட்டு அடித்து அந்தச் சூட்டிலேயே சாப்பிடும் வீட்டுப் பராட்டாவோடு நான் அதைச் சேர்த்து வைக்க மாட்டேன்.

எங்கள் வீட்டில் இப்போது இழுப்புத்தான், பிள்ளைகள் கேட்கும் நாளில் கீற்று. இரவு ஏழு மணிக்குச் சாப்பாடு என்றால் மூன்று மணிக்கு மா குழைக்கிறேன், நாலு மணிக்குள் உருண்டைகள் எண்ணெயில் கிடக்கும். அவை தளரும் நேரத்தில் பருப்பும் கட்டைச் சம்பலும் ஆகிவிடும்.