நகரத்துக்கு ஒரு நூறு நாள் வேலை: ராஜஸ்தான் மாதிரியா, ஒடிசா மாதிரியா?

எங்க தெருவுல மழைநீர் கால்வாய் போட்டப்போ கான்ட்ராக்டர் ஆளுங்க வெளியூர்ல இருந்து வேன்ல வந்து இறங்கினாங்க, அதே நேரத்துல தெரு முக்கு டீக்கடை பக்கத்துல எங்க ஏரியா கொத்தனார் ரெண்டு பேரும் சித்தாள் வேலைக்குப் போற அக்காங்க நாலு பேரும் கரண்டி, பாண்டு சட்டியோட வேலைக்குக் கூப்பிட ஆள் வராதான்னு உக்காந்திருந்தாங்க. "நம்ம தெரு கால்வாய நாமளே வெட்டுனா கூலி நம்ம வீட்டுக்கு வரும்ல தம்பி"ன்னு எதிர் வீட்டு அக்கா கேட்டாங்க. அந்தக் கேள்விக்கு எந்த மாநிலம் ஒழுங்கா பதில் சொல்லியிருக்குன்னு தேடினதுதான் இது.

2005ல வந்த நூறு நாள் வேலை சட்டம் கிராமத்துக்கு மட்டும்தான். அதனாலதான் நம்ம ஊர்ல ஒரு ஊராட்சிய மாநகராட்சியோட சேர்க்கப் போறோம்னாலே, 'எங்க நூறு நாள் வேலை போயிடும்'னு ஜனங்க ரோட்டுக்கு வர்றாங்க. நகரத்து ஏழைக்கு வேலை குடுக்கணும்னா மாநில அரசு தன் கைக்காசுலதான் குடுக்கணும். கேரளா 2010லயே அய்யன்காளி பேர்ல நூறு நாள் திட்டம் கொண்டுவந்துடுச்சு, இந்த வரிசையில அதுதான் மூத்தது.

ராஜஸ்தான் 2022 செப்டம்பர் 9ல இந்திரா காந்தி பேர்ல ஆரம்பிச்சுது, பட்ஜெட் 800 கோடி. 18ல இருந்து 60 வயசு வரைக்கும் யார் வேணா வேலை கேக்கலாம், குடும்பத்துக்கு 100 நாள், அடுத்த வருஷம் 125 ஆச்சு, ஆரம்பக் கூலி நாளைக்கு 259 ரூபா. 2023ல அதை சட்டமாவே கொண்டுவந்தாங்க. இதுதான் அதோட பெரிய பலம், அதிகாரிகிட்ட கெஞ்ச வேண்டாம், உரிமையா கேக்கலாம்.

ஆனா பொதுவான வேலைகளுக்கு கூலி 75, பொருள் 25ன்னு ஒரு கணக்கு வெச்சிருக்காங்க. ஒரு லட்ச ரூபா வேலைன்னா சிமென்ட், ஜல்லி, கம்பி எல்லாத்துக்கும் சேத்து 25,000தான். அதுல கான்கிரீட் கால்வாய் எப்படிப் போடுறது? மரம் நடலாம், குளம் தூர் வாரலாம், குப்பை அள்ளலாம், இந்தக் கணக்குல அவ்ளோதான். வீட்டுக்குக் கூலி வந்துடும், ஆனா தெருவுல தண்ணி நிக்கறது நிக்கும். (1997ல வந்த மத்திய அரசோட பழைய நகர வேலைத் திட்டத்துல இது தலைகீழ், பொருளுக்கு 60, கூலிக்கு 40. அப்ப வேலை நாள் குறைஞ்சுடும்.)

ஒடிசா வேற வழியில போச்சு. 2020 ஏப்ரல்ல, லாக்டவுன்ல வேலை போனவங்களுக்காக 100 கோடி ஒதுக்கி 114 நகரங்கள்ல ஆரம்பிச்சு, 2021ல அதையே முக்தான்னு பேரு மாத்தி பெருசாக்கினாங்க. இங்க வொர்க் ஆர்டர் கான்ட்ராக்டருக்குப் போறதில்ல, பெண்கள் சுய உதவிக் குழுவுக்கும் அந்தக் குடிசைப் பகுதி ஜனங்களே சேந்து வெச்சிருக்கற சங்கத்துக்கும் போகுது. தெருவுக்கு வடிகால், மழைநீர் சேமிப்புன்னு கண்ணுக்குத் தெரியற வேலை, கூலி வாரா வாரம் பேங்க் அக்கவுண்ட்ல. சித்தாள் வேலை பாக்கறவங்களுக்கு வாரக் கூலின்னா என்னன்னு தெரியும், சனிக்கிழமை கடைக்காரர்கிட்ட பாக்கிய அடைச்சாதான் திங்கக்கிழமை அரிசி வரும். குறையும் இருக்கு, இத்தன நாள் வேலைன்னு சட்டப்படி உறுதி இல்ல, சங்கத் தலைவர் தனக்கு வேண்டப்பட்டவங்களயே கூப்பிட்டா கேக்கறதுக்கு வழி வேணும்.

நம்ம தமிழ்நாடு 2022ல 100 கோடி போட்டு முன்னோட்டமா ஆரம்பிச்சுது, சென்னையில 2 மண்டலம், மத்த மாநகராட்சிகள்ல ஒவ்வொரு மண்டலம், 7 நகராட்சி, 37 பேரூராட்சி. எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கற தெருவுக்கு அது இல்ல. அங்க இருக்கறவங்க மட்டும் பசிக்காதவங்களா?

எனக்கு ஒண்ணுதான்னா ஒடிசா வழிதான், தெருவும் மாறுது கூலியும் அங்கயே தங்குது. ஆனா அதுக்கு மேல ராஜஸ்தான் மாதிரி ஒரு சட்டம் கட்டாயம் வேணும், ஏன்னா திட்டம்னா அடுத்த பட்ஜெட்ல நிதிய குறைச்சாலும் யாரும் கோர்ட்டுக்குப் போக முடியாது. எங்க வார்டு கவுன்சிலர்கிட்ட மொதல்ல கேக்கப் போறது இதான்: அடுத்த கால்வாய் வேலைய எங்க தெரு மகளிர் குழுவுக்குக் குடுங்க, வருகைப் பதிவேட்டை டீக்கடை சுவத்துல ஒட்டுங்க, யார் வந்தாங்க யாருக்கு எவ்ளோன்னு எல்லாரும் படிக்கட்டும்.